மாசக் கடைசி, சாயங்காலம் நாலரை

அட, அந்தத் தாளை அவ்வளவு கெட்டியாப் பிடிச்சுக்காதீங்கம்மா, கசங்கிடப் போகுது. கீழ வைங்க. வெச்சுட்டு இந்த டப்பாவுலேருந்து ஒண்ணு எடுத்துக்கங்க. ஓரத்துல இருக்கறது வேணாம், அது பல்லுக்கு வேலை வைக்கும். நடுவுல இருக்கு பாருங்க, அது. அரிசிப் பொரி, கடலை வெண்ணெய், மேல சாக்லேட். பெரிய வித்தையெல்லாம் ஒண்ணும் இல்ல. எங்க வரிசையில பன்னண்டு பேருன்னு பன்னண்டு துண்டு போட்டுக் கொண்டாந்தேன். காலையில பத்து மணியிலேருந்து ஒவ்வொருத்தரா இந்த ரூமுக்கு வர்றதும், மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு நேரா லிஃப்டுக்குப் போறதுமா இருந்தா, யாரும்மா திரும்பி வந்து திங்கறது? நான் ஒண்ணு தின்னேன். மிச்சம் பதினொண்ணும் அப்படியே கெடக்கு.

ம், கடலை வெண்ணெய் மேல்வாயில ஒட்டிக்கும். அவசரப்படாம மெல்லுங்க. வாயில வெச்சுக்கிட்டு எப்படி வாசிப்பீங்க? மென்னு முடிச்சுட்டு வாசிங்களேன், அதுக்கென்ன இப்ப.

என்னடா இந்தம்மா சிரிக்குதேன்னு பாக்கறீங்களா? காலையிலேருந்தே இப்படித்தான் இருக்கேன். சோடா குடிச்ச மாதிரி உள்ளுக்குள்ள குமிழி குமிழியா ஏறுது. கீழ மாவு மில்லுலேருந்து வேற இன்னிக்கு அந்தக் காலைப் பலகார வாசனை, சீடர் ராப்பிட்ஸ் ஊரே பாயசம் காய்ச்சற மாதிரி மணக்குது. பாத்ரூம்ல கண்ணாடியைப் பாத்து நானே சிரிச்சேன். பக்கத்துல கை கழுவிட்டு இருந்த பொண்ணு பயந்து ஓடிருச்சு.

தெரியும்மா, தெரியும். எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு நல்லாவே தெரியும். எனக்கு வேலை போச்சு. நானே சொல்லிட்டேன் பாருங்க, உங்களுக்குப் பாதிச் சுமை இறங்குச்சா? ஆனா நான் சொன்னாச் செல்லாது. நீங்க அந்தத் தாளை ஒரு எழுத்து விடாம என் மூஞ்சியைப் பாத்து வாசிச்சு, கடைசியில என் கையில குடுக்கணும். அதானே முறை? சர்ச்சுல பாதிரியார் கல்யாணம் பண்ணி வைக்கற மாதிரி. பாதியில நின்னுபோச்சுன்னா மறுபடி முதல்லேருந்து. யாரு எழுதினாங்களோ, நல்லா இருக்கட்டும்.

எப்படித் தெரியும்னா, அது காலையிலயே தெரியும். ஒம்பது மணிக்கே. அதோ உங்க முழங்கை பக்கத்துல இருக்கே, அந்த டிஷ்யூ பெட்டி, அதுதான் சொல்லுச்சு. இந்த ஆபீஸ்ல எங்கயாவது டிஷ்யூ பெட்டி பாத்திருக்கீங்களா? சளி புடிச்சா நாங்க பாத்ரூம் காகிதத்தைத்தான் கிழிச்சு மேஜையில வெச்சுப்போம். ஆளை அனுப்பற அன்னிக்கு மட்டும் புதுப் பெட்டி வரும், பூப்போட்டது. கட்டடம் பாத்துக்கற ரூபன்தான் கொண்டு வைப்பான். அவன் ஒரு பெட்டியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடந்தான்னா போதும், நானூறு பேரு மூச்சை நிறுத்திடுவோம். எந்த ரூமுக்குப் போறான்? ரெண்டாம் மாடின்னா பில் போடறவங்க. அஞ்சாம் மாடின்னா ஃபோன் எடுக்கற நாங்க. ஒரு தடவ பாவம் அவனுக்கே ஜலதோஷம், தனக்குன்னு ஒரு பெட்டி வாங்கிட்டு வந்தான். மூணாம் மாடியில ஒரு அம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க!

சிரிங்க, சிரிங்க. அடக்காதீங்க. இன்னிக்கு முழுக்க நீங்க சிரிச்சிருக்கவே மாட்டீங்க.

டெலானிதானே உங்க பேரு? எச்.ஆருக்கு வந்து அஞ்சு வாரம்னு சொன்னாங்க. சொந்த ஊரு எது? ஓசேஜா! அட, வடக்க, மினசோட்டா எல்லைப் பக்கம்! அப்ப நம்ம ஆளுதான். நான் நினைச்சேன், சிகாகோவுலேருந்து யாரையோ கொண்டாந்துட்டாங்கன்னு. சிகாகோக்காரங்க ரெண்டு வாக்கியத்துல கதையை முடிச்சு அனுப்பிடுவாங்க. நம்ம பக்கத்துல அது நடக்குமா? எங்க பெரியம்மா வீட்டுக்கு ஞாயித்துக்கெழமை போவோம். எங்கப்பா முழங்காலைத் தட்டி, சரி அப்ப கெளம்பறோம்பாரு. அதுக்கப்புறம் கதவாண்ட அரை மணி நேரம். கார்கிட்ட இருபது நிமிஷம். கார்ல ஏறி உக்காந்து கண்ணாடியை இறக்கி, அதுல கையை வெச்சுக்கிட்டுப் பெரியப்பா சோளம் வெதைச்ச கதையை ஆரம்பிப்பாரு. நாங்க பின்னாடி சீட்டுல தூங்கியே போயிடுவோம். உங்க வீட்லயும் அதே கதைதானா? பின்ன! பேசிட்டு இருக்கற மனுஷனை வெட்டிட்டுப் போறதுக்கு நம்ம ஐயோவா மாநிலத்துல எவனும் இன்னும் பொறக்கல.

என்னது? ஆமா ஆமா, வாசிங்க. நான் உங்களைத் தடுக்கவே இல்ல. தண்ணி குடிச்சுட்டு வாசிங்க.

அன்புள்ள லூவான், நிறுவனத்தின் எதிர்காலத்தை முன்னிட்டு... ஐயய்யோ நில்லுங்க, நில்லுங்க. மன்னிச்சுக்கங்க. எதிர்காலம்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு அது ஞாபகம் வந்துருச்சு, சொல்லலைன்னா நான் வெடிச்சுடுவேன். போன வருஷம் ஆகஸ்ட், நீங்க அப்ப வரல. நாலே நாலு பேருக்குப் போக வேண்டிய கடிதத்தை எவனோ நானூறு பேருக்கும் அனுப்பிட்டான்! காலையில ஒம்பதே கால். நானூறு கம்ப்யூட்டர்லயும் ஒரே நேரத்துல டிங். நிறுவனத்தின் எதிர்காலத்தை முன்னிட்டு உங்கள் பணி இன்றுடன் நிறைவடைகிறது. அப்படியே பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தோம். அப்புறம்தான் வேடிக்கை.

கார்வின்னு ஒருத்தரு, என் பக்கத்து மேஜை, எழுந்தாரு. நேரா எங்க வரிசை மார்லிஸ்கிட்ட போனாரு. மார்லிஸ், ஆறு வருஷமா உன் தயிரை ஃப்ரிட்ஜுலேருந்து எடுத்துத் தின்னது நான்தான், மன்னிச்சுருன்னாரு. அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொல்றா, தெரியும்யா, அதனாலதான் எப்பவும் ரெண்டு வாங்கி வைக்கறேன்னு. அந்தப் பக்கம் ஹார்லன், வாயில விரலை வெச்சாக் கடிக்கத் தெரியாத மனுஷன், மேனேஜர் ரூமுக்குள்ள போயி கதவைக்கூடச் சாத்தாம கத்தறாரு: உன் மீசையைப் பாத்துப் பாத்துப் பதினாலு வருஷமா எனக்கு எரிச்சல் எரிச்சலா வருதுடான்னு. மேனேஜர் என்ன பண்ணாருங்கறீங்க? எனக்கும்தான்டா கடிதம் வந்திருக்குன்னு அழுதுக்கிட்டே ஹார்லனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு! ஒரு பொண்ணு செடித்தொட்டி, நாக்காலி மெத்தை, ஆபீஸ் ஸ்டேப்ளர் எல்லாத்தையும் வாரிக்கிட்டுக் கார் வரைக்கும் போயாச்சு.

நானா? நான் என்ன பண்ணேன்? நான் ஃபோன்ல இருந்தேன். ஒரு வயசான அம்மா, கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் வருமா வராதான்னு கேட்டுட்டு இருந்தாங்க. பாதியில எப்படி வைக்கறது?

இருபத்திரெண்டு நிமிஷம். அதுக்கப்புறம் இன்னொரு டிங். முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அவ்வளவுதான்! நானூறு பேரும் அவங்கவங்க நாக்காலியில வந்து உக்காந்தாங்க. எவனும் எவனையும் நிமிந்து பாக்கல. அந்தப் பொண்ணு ஸ்டேப்ளரை ஸ்வெட்டருக்குள்ள ஒளிச்சுத் திரும்பக் கொண்டாந்தா. மேனேஜர் மறுநாள் மீசையில்லாம வந்தாரு, சத்தியமா சொல்றேன், மழமழன்னு குழந்தை மாதிரி! மார்லிஸ் அன்னைக்கு மத்தியானமே கடைக்குப் போயி தயிர் வாங்கி, ஒண்ணுல கார்வின் பேரை எழுதி வெச்சா.

ஆனா சாயங்காலம் அந்த நாலு பேருக்கு மட்டும் கடிதம் மறுபடி வந்துச்சும்மா. கார்வின் அதுல ஒருத்தரு. அந்தத் தயிர் ரொம்ப நாள் ஃப்ரிட்ஜுலயே இருந்துச்சு, யாரும் தூக்கிப் போடல.

இல்ல இல்ல, நீங்க மூஞ்சியை அப்படி வெச்சுக்காதீங்க. நீங்கதான் அப்ப இல்லையே. அந்தக் கூத்துக்கு அப்புறம்தான் நேர்ல வாசிச்சுக் கையில குடுக்கற முறையே வந்துச்சு. இன்னொண்ணு எடுங்க. எடுங்கன்னா! நான் மிச்சம் பத்துத் துண்டையும் வீட்டுக்குத் திரும்பக் கொண்டு போனா எங்க வெண்டல் ஒரே உக்காரல்ல தின்னுடுவாரு, டாக்டர் என்னைத் திட்டுவாரு.

வெண்டல் என் வீட்டுக்காரரு. வெண்டல் ஸைல்ஸ்ட்ரா. அவரைக் கட்டிக்கிட்டதுல எனக்கு நேர்ந்த கதி தெரியுமா? பொறந்தப்ப நான் லூவான் ஆல்பர்ட்ஸ். ஏ எழுத்து. ஸ்கூல்ல முதல் ஊசி எனக்கு, முதல் கேள்வி எனக்கு, ஓட்டப்பந்தயத்துல முதல்ல ஓட விட்டு மூச்சு வாங்கறது எனக்கு. இருபத்திமூணு வயசுல சர்ச்சுல ஒரு மோதிரம் மாத்தினேன், அன்னியோட இஸட் எழுத்து, வரிசையில கடைசி. சம்பளச் சீட்டு கடைசி, கிறிஸ்துமஸ் வான்கோழி கடைசி, லீவு எடுக்கற நாளைப் பிரிச்சுக் குடுக்கறப்ப எல்லாம் போயி பிப்ரவரி மாசம்தான் மிச்சம் இருக்கும். முப்பத்தெட்டு வருஷம் அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன். ஆனா இன்னிக்குக் காலையில, ரூபன் கக்கத்துல பெட்டியோட போனானே, அப்ப என் வாழ்க்கையில முதல் தடவையா அந்தப் பேரைக் கட்டிக்கிட்டதுக்கு சந்தோஷப்பட்டேன். கடைசி ஆளு! உங்க கணக்குப்படி மூணு மணிக்கு நீங்க எனக்கு வாசிச்சு முடிச்சிருக்கணும், இல்ல? எனக்கு முன்னாடி வந்த டேரல் உங்ககூட ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டாராமே. நல்ல மனுஷன், அவருக்குக் கோபம் வந்தா மொதல்லேருந்து வரிசையாச் சொல்லுவாரு. கைரேகை பாக்கறவன்கூட இப்படி எல்லாம் கூடி வரும்னு சொல்லியிருக்க மாட்டான்.

கூடி வரும்னா... ஒண்ணுமில்ல, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

சரி, வாசிங்க. ஆங், முதல்லேருந்துதான். அன்புள்ள லூவான். ம். நிறுவனத்தின் எதிர்காலம். ம். புதிய தொழில்நுட்பத்தின் துணையோடு... தெரியும்மா அந்தத் துணை யாருன்னு! அதுக்குப் பேசக் கத்துக் குடுத்ததே நான்தானே! உங்களுக்குச் சொல்லலையா? எட்டு மாசம் என்னை ஒரு சின்ன ரூம்ல உக்கார வெச்சு, நான் ஃபோன்ல பேசினது எல்லாத்தையும் அந்த மெஷினுக்கு ஊட்டினாங்க. இப்ப அது என்னை மாதிரியே பேசுது. யாராவது கால் ஒடிஞ்சிருச்சுன்னு சொன்னா, அச்சச்சோ கண்ணுன்னு என் ராகத்துலயே இழுக்குது. வெண்டல் ஒரு நாள் அதைக் கூப்பிட்டுப் பேசிப் பாத்தாரு. வெச்சுட்டு வந்து சொல்றாரு, வீட்டுல இருக்கறதை விட அது மரியாதையாப் பேசுது லூவான்னு. கரண்டியைத் தூக்கிட்டுத் துரத்தினேன். ஆனா ஒண்ணு, அது நாலு நிமிஷத்துல வெச்சிருமாம். எங்களுக்கு ஆறு நிமிஷம் குடுத்தாங்க. அது நாலு.

ஆறு நிமிஷத்துல என்ன பேச முடியும், சொல்லுங்க. சில பேருக்குப் பேரு சொல்லவே ரெண்டு நிமிஷம் ஆகும். நான் ஆறுல முடிச்சது இருபத்தாறு வருஷத்துல ரொம்பக் கம்மி. அதுல ஒண்ணு இன்னும் என் காதுலயே நிக்குது. சொல்லட்டுமா? சின்னதுதான்.

ஒட்டம்வாவுலேருந்து ஒருத்தரு. ஜூலை ஒண்ணாம் தேதி காலையில எட்டு மணிக்குக் கூப்பிட்டாரு. ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன், பொண்ணுக்கு முதுகுல ஆப்பரேஷன், உங்க இன்சூரன்ஸ் கார்டு செல்லலைங்கறாங்க, கம்ப்யூட்டர்ல என்னமோ தப்புன்னாரு. நான் பாத்தேன். தப்பு ஒண்ணும் இல்லம்மா. முந்தின நாள், ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் அவரை வேலையை விட்டு அனுப்பியிருக்காங்க. எந்த மாசம் வேலை போகுதோ அந்த மாசக் கடைசி வரைக்கும்தான் வேலையோட வர்ற இன்சூரன்ஸ். அவருக்கு மாசக் கடைசின்னா அன்னிக்கு ராத்திரியோட சரி. ஜூலை ஒண்ணாம் தேதி அனுப்பியிருந்தா ஜூலை பூரா இருந்திருக்கும். நான் அதைச் சொன்னேன். அவரு கேக்கறாரு, ஒரு நாள்தானேம்மா? ஒரு நாளுக்கு நீங்க எதாவது பண்ணக் கூடாதான்னு. ஒரு நாள்தான் சார், ஆனா விதி அப்படின்னேன். சொந்தக் காசு கட்டித் தொடரலாம், தாள் அனுப்பறோம், ஏறி இறங்க ஆறு வாரம் ஆகும்னேன். அந்த ஆறு வாரமும் ஆஸ்பத்திரி தேதியை வெச்சுக்கிட்டுக் காத்திருக்காதுன்னு எனக்குத் தெரியும். வரிசையில அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அதை மட்டும் நான் சொல்லல.

அஞ்சு நிமிஷம் நாப்பது செகண்ட். மேனேஜர் வந்து முதுகுல தட்டிக் குடுத்தாரு.

அந்த ஆளு என்ன பண்ணாரு தெரியுமா? நன்றிம்மா, நீங்க பொறுமையாச் சொன்னீங்கன்னாரு. திட்டியிருந்தா மறந்திருப்பேன். மனுஷன் நன்றி சொல்லிட்டுப் போயிட்டாரு.

உங்க ஃபோன் அடிக்குதும்மா. உங்க மேலதிகாரியா? எடுங்க, எடுங்க. முடிஞ்சுதான்னு கேப்பாங்க. எடுக்கலையா? அவங்களுக்குக் கோபம் வரப் போகுது. சரி, உங்க இஷ்டம். பாவம், அதுவும் எவ்வளவு நேரம்தான் மேஜை மேல துடிக்கும். ஆங், நின்னுருச்சு.

எனக்கு ஒரு சந்தேகம். ஏன் இன்னிக்கு வெச்சீங்க? நாளைக்கு வெச்சிருந்தா என்ன? நான் சொல்லட்டுமா? நாளைக்கு ஏப்ரல் ஒண்ணு! முட்டாள்கள் தினம்! அதானே? யாரோ ஒரு பெரிய மனுஷர் கூட்டத்துல உக்காந்து யோசிச்சிருக்காரு, ஏப்ரல் ஒண்ணாம் தேதி போயி உனக்கு வேலை இல்லன்னு சொன்னா, இவங்கல்லாம் விளையாட்டுன்னு நினைச்சு சிரிச்சிட்டுப் போயி வேலையைப் பாப்பாங்க, நல்லா இருக்காது, அதனால ஒரு நாள் முன்னாடி வெச்சுக்கலாம்னு! நான் சொன்னது சரியா? ஐயோ, உங்க மூஞ்சியே சொல்லுது! எனக்கு வயிறு வலிக்குது, தாங்கல. ஒரு ஜோக்குக்குப் பயந்து... இருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு. பன்னண்டு பேரோட ஒரு மாசத்தை, ஒரு ஜோக்குக்குப் பயந்து முன்னாடி இழுத்துட்டாங்கம்மா. அவங்க கெட்டவங்க இல்ல. அந்தக் கூட்டத்துல எவனுக்கும் தேதியோட அர்த்தம் தெரியாது, அவ்வளவுதான். ஃபோன் எடுக்கறவங்க யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.

அட! விளக்கு அணைஞ்சுருச்சு. பயந்துட்டீங்களா? ஒண்ணும் இல்ல, இந்த மாடியில அஞ்சு மணி ஆனாத் தானா அணைஞ்சுடும். கரெண்டு மிச்சம் பண்றாங்களாம். கையைத் தூக்கி ஆட்டுங்க, திரும்ப எரியும். இன்னும் நல்லா ஆட்டுங்க, பக்கத்து வயல்ல நிக்கற ஆளைக் கூப்பிடற மாதிரி. ஆங், வந்துருச்சு.

அஞ்சு மணி.

சரிம்மா. இப்ப வாசிங்க. நான் வாயைத் தெறக்கல. தேதியை மட்டும் அடிச்சுட்டு ஏப்ரல் ஒண்ணுன்னு போட்டுக்கங்க. பணியாளர் கையேடு, பதினாலாம் பக்கம், கீழேருந்து ரெண்டாவது பத்தி. கடிதம் முழுசா வாசிச்சு அஞ்சு மணிக்குள்ள கையில குடுக்கலைன்னா மறுநாள் தேதிதான் கணக்கு. ரூபன் பெட்டியோட போனதுமே நான் பாத்ரூம்ல உக்காந்து மூணு தடவ படிச்சேன். அதான் சொன்னேனே, கண்ணாடியைப் பாத்து சிரிச்சேன்னு.

எதுக்குன்னா, எங்க வெண்டலுக்கு ஏப்ரல் ஒம்பதாம் தேதி நெஞ்சைத் தெறக்கறாங்கம்மா. ஏழு மாசமாக் காத்திருந்து கெடைச்ச தேதி. இதயத்துல ஒரு கதவு சரியா மூடமாட்டேங்குது, கட்டில்லேருந்து சமையக்கட்டு வரைக்கும் நடந்தா ரெண்டு தடவ நின்னு சுவத்தைப் புடிச்சுக்கறாரு. பன்னியோட வால்வை எடுத்து வைக்கப் போறாங்க. கேளுங்க, அந்த மனுஷன் முப்பத்தோரு வருஷம் பன்னிக்கறித் தொழிற்சாலையில கத்தி புடிச்சவரு! ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம்! டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் இவரு கேக்கறாரு, டாக்டர், அதுங்களுக்கு நான் யாருன்னு தெரியுமான்னு. அந்த டாக்டர் சிரிச்ச சிரிப்புல நர்ஸு ஓடி வந்துட்டா. அவருக்கு அறுபத்திமூணு வயசு. அரசாங்க இன்சூரன்ஸுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் என் கார்டுதான். இப்ப அது ஏப்ரல் முப்பது வரைக்கும் செல்லும். ஒம்பதாம் தேதிக்கு அப்புறம் மூணு வாரம் ஆஸ்பத்திரி, எல்லாம் உள்ள அடங்கிரும். மே மாசத்துக்கு மே மாசம் பாத்துக்கலாம். கடையில பெட்டி அடுக்கினாலும் சரி.

நாளைக்கு உங்களைக் கேட்டாங்கன்னா பயப்படாதீங்க. அந்தம்மா வாயை மூடலைன்னு சொல்லுங்க. என் ஃபைலைத் தெறந்து காட்டுங்க. இருபத்தாறு வருஷமும் என்னைப் பத்தி ஒரே வரிதான் எழுதியிருப்பாங்க: நல்ல பணியாளர், பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டும். செராக்ஸ் எடுத்து ஒட்டினாங்களோ என்னமோ.

அது என்னம்மா மேஜை மேல? உங்க வாட்சா? எப்பக் கழட்டினீங்க? கவுத்து வேற வெச்சிருக்கீங்க. ஃபோனைக்கூட... ஓ.

பதினாலாம் பக்கம் உங்களுக்கும் தெரியுமா?

எப்பலேருந்து? நாலு மணிக்கேவா? டேரல் கத்தினப்ப சொன்னாரா. அவரு பையனுக்கு இன்சுலின் வேணும்ல... ஆமா, டேரலுக்கு நாலு மணிக்கு முன்னாடியே கையில குடுத்தாச்சு. அதுக்கு மேல என்ன பண்றதுன்னு உங்களுக்குத் தெரியல. கடைசியா நான் ஒருத்திதான் மிச்சம் இருந்தேன். நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன், நீங்க ஒரு தடவகூட நிறுத்துங்கன்னு சொல்லல. நான் என்னமோ என் சாமர்த்தியம்னு நினைச்சுட்டேன் பாருங்க.

அழாதீங்கம்மா. பதினோரு பேருக்கு வாசிச்ச வாய்தான், பன்னண்டாவது ஆளுக்கு வரல. அதுவே பெருசு.

டேரலுக்கு நான் ராத்திரியே ஃபோன் பண்றேன். மார்லிஸுக்கும். ஒவ்வொருத்தருக்கும் எந்தத் தாளை எங்க அனுப்பணும், எந்த ஆபீஸுல யாரைப் புடிச்சா ஆறு வாரத்தை ரெண்டு வாரமாக் குறைக்கலாம், எனக்குத் தெரியும். அதைத்தானே இருபத்தாறு வருஷமா ஃபோன்ல சொல்லாம விட்டேன். இனிமே எனக்கு ஆறு நிமிஷக் கணக்கு கிடையாது.

சரி, மூக்கைச் சிந்திட்டு வாசிங்க. முதல்லேருந்து, மெதுவா வாசிங்க. நான் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்.